நாலில் ஒரு பங்கு

கடற்கரையில் ஒரு கட்டடம் இருக்கலாமா, கூடாதா என்று தீர்மானிக்கும்போது நம் சட்டம் இருவரை இரு விதமாக விசாரிக்கிறது. விடுதி கட்ட வருகிறவரிடம் அது பெரும்பாலும் அளவுகளைக் கேட்கிறது: கடல் ஏறி வரும் எல்லைக் கோட்டிலிருந்து எத்தனை மீட்டர், எத்தனை மாடி, எவ்வளவு உயரம். தலைமுறைகளாக அங்கேயே இருக்கும் மீனவரிடம் அந்த அளவுகளோடு வேறு கேள்விகளையும் கேட்கிறது: எப்போதிலிருந்து இருக்கிறாய், உன் பெயரில் என்ன காகிதம் உண்டு, வீட்டுக்குள் என்ன செய்கிறாய், நாளைக்கு அதை யாருக்குக் கொடுப்பாய். இந்த வித்தியாசத்தைச் சட்டப் புத்தகத்தில் பலமுறை படித்துக் கடந்திருக்கிறேன். அதன் கனம் எனக்கு உறைத்தது மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு குப்பத்துக் குடும்பத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதாடிய வழக்கில்தான். குப்பத்தின் பெயரையும் அந்தக் குடும்பத்தாரின் பெயர்களையும் இங்கே சொல்லப்போவதில்லை.

மாமல்லபுரம் பல்லவர் காலத்துத் துறைமுகம். கடற்கரைக் கோயிலையும் ரதங்களையும் உள்ளடக்கிய சின்னங்களை 1984-ல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே வெளிநாட்டுக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமான பிறகு சென்னைக்காரர்களும் சனி, ஞாயிறுகளில் வரத் தொடங்கினார்கள். ஊருக்கு வடக்கேயும் தெற்கேயும் தென்னந்தோப்புகளும் சவுக்குத் தோப்புகளும் இருந்த இடங்களில் விடுதிகள் எழுந்தன. இடையிடையே குப்பங்கள் அப்படியே இருந்தன. விடியற்காலையில் ஃபைபர் படகுகள் தொழிலுக்குப் போய்த் திரும்பும் மணலில், பத்து மணிக்கு மேல் அலைச்சறுக்குப் பலகையோடு பிள்ளைகள் நடப்பார்கள். தொழிலில் பாடு குறையக் குறைய, வருகிறவர்களுக்கு அறை கொடுப்பது, மீன் வறுத்துக் கொடுப்பது, படகில் கூட்டிப்போய்க் காட்டுவது என்று குப்பத்தாரும் புதிய வருமானத்தைத் தேடிக்கொண்டார்கள். ஊர் மாறும்போது ஊரில் இருப்பவர்களும் மாறுவது இயல்புதானே.

என் கட்சிக்காரரின் வீடு 2 சென்ட் இடத்தில் நின்றது. குடும்பத் தலைவர் கட்டுமரக் காலத்து ஆள். ஓலைக் குடிசையாக இருந்ததை ஓட்டு வீடாக மாற்றி, அதற்குச் சில ஆண்டுகள் கழித்து இறந்துபோனார். உயில் எதுவும் எழுதி வைக்கவில்லை. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் அவள் கணவன் இறந்துவிட, குழந்தையோடு தாய் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். ஆக ஒரே கூரையின் கீழ் தாய், மூத்தவன் குடும்பம், இளையவன் குடும்பம், மகளும் அவள் குழந்தையும். குப்பத்தில் இது வழக்கத்துக்கு மாறான நெரிசல் அல்ல.

2004 டிசம்பர் 26 அன்று கடல் அந்த வீட்டின் முன்சுவரைப் பெயர்த்து, ஓடுகளை அள்ளிக்கொண்டு போனது. உயிர்ச்சேதம் இல்லை. மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச் 30 தேதியிட்ட வருவாய்த் துறை அரசாணை எண் 172 வந்தது. மறுகுடியமர்வு பற்றிய தமிழக அரசின் கொள்கை அதில்தான் இருந்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமடைந்தவர்களுக்கு அது ஒரு தேர்வைக் கொடுத்தது. 200 மீட்டருக்கு அப்பால் போகச் சம்மதித்தால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள புதிய வீடு இலவசம்; பழைய மனையை அரசுக்கு விட்டுக்கொடுத்துவிட வேண்டும். போக விருப்பமில்லை என்றால் இருக்கும் இடத்திலேயே சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம். அரசிடமிருந்து உதவி கிடைக்காது. யாரையும் கட்டாயமாக வெளியேற்றவில்லை என்று அரசு சொன்னது உண்மை. ஆனால் வலையும் எஞ்சினும் போய், நிவாரண அரிசியில் வாழ்ந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தின் முன் ஒரு கையில் வீட்டையும் மறு கையில் வெறுமையையும் நீட்டி, எது வேண்டும் என்று கேட்பதைச் சுதந்திரமான தேர்வு என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அந்த அரசாணையை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. அடுத்த அலை வந்தால் மக்கள் பிழைக்க வேண்டும் என்ற கவலை அதில் இருந்தது. கோளாறு கணக்கெடுப்பில் இருந்தது. சேதமடைந்த வீட்டுக்கு ஒரு வீடு என்பது விதி. கணக்கெடுத்தவர்கள் கூரைகளை எண்ணினார்கள். கூரைக்குக் கீழே எத்தனை அடுப்பு எரிந்தது என்று எண்ணவில்லை. அந்த 2 சென்ட் வீட்டுக்கு எதிரே ஒரு பெயரை எழுத வேண்டியிருந்தது. ஆண்களில் மூத்தவன் என்பதால் பெரியவன் பெயரை எழுதினார்கள். புதிய வீடு சாலைக்கு மேற்கே கட்டப்பட்ட குடியிருப்பில் அவனுக்குக் கிடைத்தது. இவ்வளவு பேரும் அங்கே போய் அடைய இடமில்லை. கடலைப் பார்க்காமல் சாகமாட்டேன் என்று தாய் மறுத்துவிட்டார். பெரியவன் தன் மனைவி, பிள்ளைகளோடு போனான். போகும்போது, பழைய வீட்டையும் மனையையும் அரசிடம் ஒப்படைத்துவிட்டதாக ஒரு முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டான். எல்லாரும் போட்டார்கள், அவனும் போட்டான். அந்தத் தாளில் தாய், தம்பி, தங்கை பற்றி ஒரு வரியும் இல்லை.

தங்கிவிட்டவர்கள் கடன் வாங்கிச் சுவரை எழுப்பினார்கள். ஓட்டுக்குப் பதில் தளம் போட்டார்கள். சில வருடம் கழித்து, மகளுக்கும் அவள் குழந்தைக்கும் என்று மேலே ஓர் அறையும் அதை ஒட்டி ஒரு குளியலறையும் கட்டினார்கள். அலைச்சறுக்குக் கற்க வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் அந்த அறையை ஒரு வாரத்துக்குக் கேட்டார். மகள் குழந்தையோடு கீழே வந்து தாயோடு படுத்துக்கொண்டு அறையைக் கொடுத்தாள். ஒருவர் போய் இன்னொருவரிடம் சொல்ல, சீசன் முழுக்க ஆள் வந்தது. கூடையில் மீன் சுமந்து விற்றதைவிட அந்த அறை அவளுக்கு அதிகம் சம்பாதித்துத் தந்தது. தம்பியின் படகுக் கடனுக்கு வட்டியும் அதிலிருந்துதான் போனது. இப்படியிருக்க, 2011-ல் புதிய கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வந்த சிறிது காலத்துக்குப் பிறகு, வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் கதவில் ஓர் உத்தரவை ஒட்டிவிட்டுப் போனார்கள். கடல் புறம்போக்கில் ஆக்கிரமிப்பு. குறித்த நாளுக்குள் காலி செய்யாவிட்டால் அகற்றப்படும்.

அந்தத் தாளோடு என் அலுவலகத்துக்கு வந்தவர்கள் தாயும் இளைய மகனும். மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வீடு யாருடையது என்று கேட்டேன். “எங்க வூட்டுக்காரரு கட்டுனதுங்க ஐயா. இப்ப சின்னவனோடது” என்றார் தாய். பெரியவன் தன் பங்குக்குப் புது வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டான், ஆகவே மீதி சின்னவனுக்கு என்பது அவர்கள் கணக்கு. குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்தும் அப்படித்தான் பேசி முடித்திருந்தது. உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் சொத்து மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகப் போகும் என்பது 1956-லிருந்து சட்டம். நால்வருக்கும் நாலில் ஒரு பங்கு. வெளியே உட்கார்ந்திருந்தவளை உள்ளே கூப்பிடச் சொன்னேன். உனக்கும் இதில் பங்கு உண்டு என்று சொன்னபோது அவள் சந்தோஷப்படவில்லை. அண்ணன், தம்பியோடு சண்டை மூட்டிவிடுகிறேனோ என்று பயந்துதான் என்னைப் பார்த்தாள். “எனக்கு எதுவும் வேணாம் சார், ரூமு இருந்தா போதும்” என்றாள். அந்த அறையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவள் பங்கைக் கேட்டாக வேண்டும் என்று புரியவைக்க எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. மனுவைத் தாய், இளையவன், மகள் மூவர் பெயரிலும் போட்டேன்.

முதல் சிக்கல் நிலத்தின் தன்மை. வருவாய்ப் பதிவேட்டில் ஊர் மக்கள் வீடு கட்டிக் குடியிருக்க ஒதுக்கிய இடம் கிராம நத்தம். பொதுப் பயனுக்கோ அரசின் தேவைக்கோ விடப்பட்டது புறம்போக்கு. நத்தத்தில் வீடு கட்டி அனுபவிப்பவரே அதற்கு உரியவர், அது அரசு நிலமல்ல, ஆகவே 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தை அங்கே பிரயோகிக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. பட்டா இல்லை என்பது நத்தத்தில் ஒரு குறையே அல்ல. அந்தக் குப்பத்தின் பழைய புல வரைபடத்தை நகல் எடுத்துப் பார்த்தபோது நத்தத்தின் கிழக்கு எல்லை எங்கள் வீட்டுக்கு அருகில் ஓடியது. வீடு கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதைச் சொல்ல எல்லைக் கல் வேண்டும். கல் சுனாமியில் போய்விட்டது. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், மூத்தவன் கல்யாணப் போட்டோவில் பின்னால் தெரியும் ஓட்டுக்கூரை என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தோம். கடல் அரித்த கரையில் வாழ்கிறவர்களிடம் அதற்கு மேல் ஆவணம் கேட்பது நியாயமாகாது.

இரண்டாவது சிக்கலைக் கண்டுபிடித்தபோதுதான் வழக்குக்கு உயிர் வந்தது. ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி அதிகாரி எடுத்த எடுப்பில் ஒருவரை வெளியேற்ற முடியாது. முதலில் 7-வது பிரிவின் கீழ், ஏன் உங்களை அகற்றக் கூடாது என்று காரணம் கேட்டு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பதிலைப் பரிசீலித்த பிறகே 6-வது பிரிவின் கீழ் உத்தரவு. எங்களுக்குக் காரணம் கேட்கும் அறிவிப்பு வரவே இல்லை. அரசின் கோப்பிலோ அது சார்வு செய்யப்பட்டதாகக் கையெழுத்தோடு இருந்தது. கையெழுத்து பெரியவனுடையது. பழைய வீட்டின் உரிமையாளர் என்று பதிவில் இருந்தது அவன் பெயர் என்பதால், அறிவிப்பு சாலைக்கு மேற்கே புதிய வீட்டுக்குப் போயிருக்கிறது. அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். புது வீட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்து அந்தத் தாளைப் பெட்டிக்குள் வைத்துவிட்டதாகச் சொன்னான். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு வீடு வாங்கியவன், அடுத்து வருகிற தாள் அந்த வீட்டை எடுத்துக்கொள்ளும் என்று நினைப்பதில் பிழை என்ன?

மூன்றாவது, தூரம். 1991 பிப்ரவரி 19 தேதியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின் கீழ், நகர்ப்புறமாக வளராத கடற்கரைகளில் கடல் ஏறும் எல்லையிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது என்றிருந்தது. ஏற்கெனவே முறைப்படி உள்ள கட்டடங்களைப் பழுது பார்க்க முடிந்தது. 200-லிருந்து 500 வரை, மத்திய அரசின் ஒப்புதலோடு விடுதிகள் வர முடிந்தது. மாநிலங்கள் ஓராண்டுக்குள் கடற்கரை மேலாண்மைத் திட்டங்களைத் தயாரித்துத் தர வேண்டும் என்று அந்த அறிவிக்கை சொன்னது. செய்யாததால் உச்ச நீதிமன்றம் 1996 ஏப்ரலில் தலையிட வேண்டி வந்தது. அதே தீர்ப்பில், 200 மீட்டர் தடையைத் தன் விருப்பப்படி தளர்த்திக்கொள்ள மத்திய அரசு 1994-ல் எடுத்துக்கொண்ட அதிகாரத்தையும் நீதிமன்றம் ரத்து செய்தது. கடற்கரையைக் காத்த தீர்ப்பு அது; இன்றும் நான் மதிக்கிற தீர்ப்பு. ஆனால் தரையில் நாடா பிடித்து அளப்பவர் எங்கிருந்து தொடங்குகிறார் என்பதைத் தீர்ப்புகள் பார்ப்பதில்லை. எங்கள் வீடு 140 மீட்டரில் இருப்பதாக அறிக்கை சொன்னது. தேதியைப் பார்த்தேன்: நவம்பர். வடகிழக்குப் பருவத்தில் கடல் மணலைத் தின்று உள்ளே வரும் மாதம். அங்கீகாரம் பெற்ற நிறுவனம் குறித்த கோட்டிலிருந்து அளக்காமல், அன்றைக்கு அலை நின்ற இடத்திலிருந்து அளந்திருந்தார்கள். சரியாக அளந்தாலும் வீடு 200-க்குள்தான் வந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு குடும்பத்தை எழுப்பும் அளவு சரியான அளவாக இருக்க வேண்டும் என்று கேட்கிற உரிமை அந்தக் குடும்பத்துக்கு உண்டு.

வழக்கு இரு நீதிபதிகள் அமர்வின் முன் வந்தது. அரசு வழக்கறிஞர் திறமையானவர், கோபப்படாமல் வாதாடுகிறவர். அவருடைய வாதம் நேரானது. இந்தக் குடும்பம் அரசாணையின் பயனை அனுபவித்துவிட்டது. ஒரு வீட்டுக்கு ஒரு வீடு வாங்கிக்கொண்டு, பழைய வீட்டையும் வைத்துக்கொள்கிறது. பலனைப் பெற்ற பிறகு எழுதிக் கொடுத்ததை மறுக்க முடியாது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். நான் சொன்னது இது: பலனைப் பெற்றவர் மூத்த மகன். எழுதிக் கொடுத்தவரும் அவரே. பிரிக்கப்படாத சொத்தில் ஒரு பங்குதாரர் தன் பங்கைத்தான் கொடுக்க முடியும். தாயின் பங்கையும் தம்பியின் பங்கையும் தங்கையின் பங்கையும் கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. மேலும், நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்துரிமையை விட்டுக்கொடுக்கும் ஆவணம் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். இந்தத் தாள் பதிவாகவில்லை. மூத்த நீதிபதி கோப்பைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அரசு வழக்கறிஞரைப் பார்த்து, இந்த மகளிடம் யாராவது கையெழுத்துக் கேட்டார்களா என்றார். கேட்கவில்லை என்றார் அவர், தயங்காமல். அந்த நேர்மைக்காக அவரை நினைவில் வைத்திருக்கிறேன்.

அத்தோடு முடிந்திருந்தால் இந்த வழக்கை எழுதியிருக்கமாட்டேன். நீதிபதி என் பக்கம் திரும்பி, மாடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டார். சுற்றுலா வருகிறவர்கள் தங்குகிறார்கள், அந்த வருமானத்தில்தான் மூன்றாவது மனுதாரர் பிள்ளையைப் படிக்க வைக்கிறார் என்று சொன்னேன். 2011 அறிவிக்கையில் பாரம்பரியக் கடலோரச் சமூகத்தினருக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது: முறையான அனுமதி பெறாமல் இருக்கும் அவர்களுடைய வீடுகள், 1991 விதிகளின் கீழ் அனுமதிக்கத் தக்கவையாக இருந்தால், ஒழுங்குபடுத்தப்படலாம். கூடவே இரண்டு நிபந்தனைகள். அந்த வீட்டை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அந்தச் சமூகத்தைச் சேராதவருக்கு விற்கவோ மாற்றவோ கூடாது. இரண்டாவது நிபந்தனையின் நோக்கம் நல்லது. அது இல்லையென்றால் குப்பங்கள் விலைக்குப் போய் விடுதிகளாகிவிடும். முதல் நிபந்தனையும் அதே பயத்தில் எழுதப்பட்டதுதான். ஆனால் இரண்டும் சேர்ந்து மீனவரிடம் சொல்வது என்ன? நீ இங்கே இருக்கலாம், உன் தாத்தா இருந்தது போலவே இருந்தால். மீன் குறைந்தாலும், உன்னைச் சுற்றி ஊர் முழுவதும் சுற்றுலாவால் பிழைத்தாலும், நீ மட்டும் மாறாதே.

எங்கள் குப்பத்துக்கு வடக்கே ஒரு விடுதி இருந்தது. அதன் கட்டடங்கள் 200 மீட்டருக்கு அப்பால், எல்லா ஒப்புதலோடும் நின்றன. அதன் விருந்தினர்கள் மணலில் நாற்காலி போட்டுச் சாய்ந்திருக்கும் இடம், எங்கள் வீட்டைவிடக் கடலுக்கு வெகு அருகில். சட்டமீறல் எதுவும் இல்லை. மணலில் உட்காருவதை எந்த விதியும் தடுக்கவில்லை. கடற்காற்றையும் கடற்காட்சியையும் விற்று அவர்கள் பிழைப்பது முழுக்கச் சட்டபூர்வமானது. அதையே ஓர் அறையில் செய்த பெண்ணின் வீடு ஆபத்துக்குள்ளானது. நான் அமர்வின் முன் இதைச் சொல்லி, வாழ்வாதாரம் மாறியதால் ஒருவர் கடலோரச் சமூகத்தைச் சேர்ந்தவர் இல்லையென்று ஆகிவிடமாட்டார் என்று வாதிட்டேன். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். அறிவிக்கை செல்லாது என்று நீங்கள் வழக்குப் போடவில்லையே என்றார். அது சரிதான். அறிவிக்கையை வீழ்த்தினால் அதன் பாதுகாப்பும் சேர்ந்து விழும். என் கட்சிக்காரர் பற்றி நின்ற கிளை அது.

கோவா டோனா பாவ்லாவில் ஒரு பெரிய விடுதி, பொதுமக்கள் கடற்கரைக்குப் போகும் வழியை மறித்துக் கட்டிய விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 2009 ஜனவரியில் அளித்த தீர்ப்பையும் அன்று எடுத்துக் காட்டினேன். கடற்கரை பொதுச் சொத்து, அரசு அதன் அறங்காவலர், தனியார் வசதிக்காக அதைச் சுருக்க முடியாது என்ற கொள்கையை அது உறுதியாகச் சொல்கிறது. வழியை மறித்த கட்டுமானத்தை இடிக்கவும் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்புக்குப் பின் நடந்ததையும் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். அதே ஆண்டில் கோவா அரசு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைத் தன் மாநிலத்துக்கு மட்டும் முன்தேதியிட்டுத் திருத்தி, அந்தக் கட்டடம் இடிபடாமல் காத்தது. திருத்தம் செல்லும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. சட்டமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு விடுதிக்காக ஒரு மாநிலத்தின் சட்டம் வளைந்து கொடுத்த அதே காலத்தில், ஒரு மாடி அறைக்காக ஒரு நிபந்தனையைக் கொஞ்சம் இரக்கத்தோடு படிக்கும்படி நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உத்தரவு எங்களுக்குச் சாதகமாக வந்தது. காரணம் கேட்கும் அறிவிப்பு உரியவர்களுக்குத் தரப்படாததால் வெளியேற்றும் உத்தரவு ரத்து. மூத்த மகனின் எழுத்து, அது செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும், அவருடைய பங்கைத் தாண்டி யாரையும் கட்டுப்படுத்தாது. நிலம் நத்தமா என்பதையும் மற்றவற்றையும் மனுதாரர்களைக் கேட்டு வட்டாட்சியர் புதிதாக முடிவு செய்ய வேண்டும். அதுவரை மாடி அறையை வெளியாருக்கு வாடகைக்கு விடமாட்டோம் என்ற மனுதாரர்களின் உறுதிமொழி பதிவு செய்யப்படுகிறது. அந்தக் கடைசி வரி இல்லாமல் மற்ற வரிகள் கிடைத்திருக்காது என்பது நீதிமன்றத்தில் இருந்த எங்கள் எல்லாருக்கும் தெரியும். வெளியே வந்து, வீடு தப்பியது என்று சொன்னபோது தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் அறையைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். “அப்ப வட்டிக்கு இன்னா சார் பண்றது?” என்றாள். அந்தக் கேள்விக்குப் பதில் உத்தரவில் இல்லை.

நத்தம் பற்றிய விசாரணை மெதுவாக நடந்தது. ஒருவழியாகக் கீழ்வீடு நத்தத்துக்குள் வருவதாக வட்டாட்சியர் ஒப்புக்கொண்டு நடவடிக்கையைக் கைவிட்டார். மாடி அறை பற்றிய கோப்பு கடற்கரை மேலாண்மை ஆணையத்துக்குப் போனது. அங்கிருந்து எந்த உத்தரவும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. உறுதிமொழி மட்டும் நின்றது, அவளும் அதை மீறவில்லை. சிறிது காலம் கூடை சுமந்தாள். முழங்கால் ஒத்துழைக்காமல் போன பிறகு ஒரு விடுதியில் அறைகளைத் துடைத்து, படுக்கை விரிப்புகளை மாற்றும் வேலைக்குச் சேர்ந்தாள். தன் அறையைக் கொடுத்துச் சம்பாதிக்கத் தடை இருந்தது; பிறர் அறையைப் பெருக்கிச் சம்பாதிக்கத் தடை எதுவும் இல்லை. இந்த வழக்கை யாராவது வெற்றி என்று சொல்லும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

2019 ஜனவரியில் மறுபடியும் புதிய அறிவிக்கை வந்தது. மக்கள் அடர்த்தி அதிகமான, அதாவது 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் உள்ள, கடலோரக் கிராமப் பகுதிகளில் 200 மீட்டர் தடை 50 மீட்டராகக் குறைந்தது. மீனவர் உள்ளிட்ட உள்ளூர்ச் சமூகத்தினர் இருக்கும் வீடுகளின் அடித்தளப் பரப்பையும் வடிவத்தையும் முகப்பையும் மாற்றாமல் சுற்றுலாப் பயணிகளைத் தங்கவைக்க அனுமதி பெறலாம் என்ற ஏற்பாடும் வந்தது. புதிய கடற்கரைத் திட்ட வரைபடங்கள் ஒப்புதல் பெறும் வரை பழைய 2011 விதிகளே தொடரும் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். எந்தச் செயலை விட்டுவிடச் சொல்லி ஒரு பெண்ணிடம் நீதிமன்றம் எழுதி வாங்கியதோ, அதை நிபந்தனையோடு செய்யலாம் என்று சில வருடம் கழித்துச் சட்டமே ஒப்புக்கொண்டது. ஒழுங்குமுறைகள் திருந்துவது நல்லதுதான். திருந்துவதற்கு முன் அவற்றின் கீழ் வாழ்ந்தவர்களின் வருடங்களுக்கு அவை கணக்குச் சொல்வதில்லை. அவளுக்காக மறுபடி விண்ணப்பம் எழுதினேன். அது நிலுவையில் இருக்கிறது.

விண்ணப்பம் போட்டதற்குச் சற்றுப் பிறகு தாய் காலமானார். காரியம் முடிந்து சில வாரம் கழித்துப் பெரியவன் தனியாக என்னைப் பார்க்க வந்தான். சாலைக்கு மேற்கே இருக்கும் அவன் வீட்டில் இப்போது அவனுடைய மகன்கள் இருவரும் கல்யாணமாகிக் குடும்பத்தோடு இருக்கிறார்கள். வலையையும் எஞ்சினையும் வைக்க இடமில்லை. தினமும் கரைக்குச் சுமந்துபோய்த் திரும்பச் சுமந்துவர வயதும் இல்லை. எழுதிக் கொடுத்ததை ரத்து செய்ய வழியுண்டா என்று கேட்டான். அந்த நாலில் ஒரு பங்கைப் பற்றி இனி வழக்காடுவதில் பயனில்லை, புது வீட்டைத்தான் கேள்விக்குள்ளாக்கும் என்று சொன்னேன். எழுந்துகொள்ளப் போனவனை உட்காரச் சொல்லி ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவன் விட்டுக்கொடுத்தது அப்பாவிடமிருந்து வந்த தன் பங்கை. அம்மாவின் நாலில் ஒரு பங்கு அன்று அம்மாவுடையது. அதை அவன் கொடுத்திருக்க முடியாது. அம்மா போன பிறகு அது பிள்ளைகள் மூவருக்கும் சமம். அதில் அவனுக்கு வருவது மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 2 சென்ட்டில் சுமார் 72 சதுர அடி.

தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தான். “வலையும் எஞ்சினும் வச்சுக்க இவ்ளோ போதும் சார். இதுக்குக் கேஸ் போடணுமா?” என்றான். வேண்டாம், தம்பியையும் தங்கச்சியையும் போய்க் கேளுங்கள் என்றேன். கேட்டிருக்கிறான். மாடிப்படிக்குக் கீழே இருந்த இடத்தை அவனுக்கு ஒழித்துக் கொடுத்ததாகத் தங்கை போனில் சொன்னாள். இதற்கு ஏதாவது எழுதி வைத்துக்கொள்ள வேண்டுமா என்றும் கேட்டாள். மூன்று பேரும் ஒருநாள் சேர்ந்து வாருங்கள், பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி இந்தத் தடவை பதிவு செய்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.